முப்பத்தைந்து ரோஜாவும் வியாழக்கிழமை வகுப்பும்

யாஷ் நகர் மாலைநேர மொழிப்பள்ளியில் முப்பத்தாறு ஆண்டுகள் அயல்நாட்டவர்க்கு ருமேனிய மொழி பயிற்றுவித்து, இன்று பணிநிறைவு காணும் ஆசிரியை அக்லாயா புசுயோக் அம்மையார் அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உவந்தளித்து, அவையறியப் படிக்கும் பாராட்டு மடல்.

வந்தாரை வரவேற்று வாய்திறக்க வைத்த வித்தகியே! பாடத்தோடு பண்டிகையையும் பந்தி வைத்த பண்பாளரே! கண்டிப்பிலும் கனிவு குறையாத கலைமகளே!

இன்னும் பத்து அடைமொழிகள் எழுதி வைத்திருந்தோம். "போதும், காப்பி ஆறுது" என்று தாங்கள் இருக்கையிலிருந்தே குரல் கொடுப்பீர்கள் என்பதறிந்து அவற்றை அடித்துவிட்டோம்.

அம்மையீர்! மருத்துவம் படிக்க வந்த கிரேக்க, அராபிய இளைஞர்களிடம் தொடங்கி, கட்டடத்திலும் ரொட்டிக்கூடத்திலும் உழைக்க வந்த நேபாள, வியட்நாம் தொழிலாளர் வரையில், தங்கள் முன் அமர்ந்து எழுந்த தலைமுறைகள் எத்தனை! வேற்றுமை உருபுகளை வேறு யாரும் சொல்லித் தந்துவிடுவார்கள். மார்ச் முதல் நாளில் ஒவ்வொரு மணிக்கட்டிலும் சிவப்பு வெள்ளை நூலைக் கட்டி, மாதம் முடிந்ததும் அத்தனை பேரையும் பள்ளியின் பின்புறத்து வாதுமை மரத்துக்கு ஓட்டிச் சென்று கிளையில் கட்டவைக்க வேறு யாரால் முடியும்? புத்தாண்டுக்குக் கரடித்தோல் போர்த்தி ஆடும் கூட்டத்தை மேளத்தோடு நான்காம் அறைக்குள் அழைத்து வந்தீர்கள். அன்றைய பள்ளி இயக்குநர் கழிவறையில் போய்த் தாழிட்டுக்கொண்டார். அந்த வகுப்பு கற்ற சொற்களை இன்றுவரை ஒருவரும் மறக்கவில்லை.

தங்களிடம் குறையே இல்லை என்று எழுத மாட்டோம். நாற்பது தியாகிகளின் திருநாளான மார்ச் ஒன்பதாம் நாளில் மூளும் பலகாரப் போர் எல்லோரும் அறிந்ததே. எட்டு வடிவில் சுட்டு, தேன் தடவி, வாதுமைப்பருப்பு தூவிய மாவுப்பலகாரம் மட்டுமே அந்நாளுக்கு உரியது என்பது தங்கள் கட்சி. தெற்கிலிருந்து வந்த நம் சக ஆசிரியர் பிர்வு அவர்களோ அதையே சிறிதாகச் செய்து சர்க்கரைத் தண்ணீரில் வேகவைத்துப் பானையோடு தூக்கி வருவார்.

"இது என்ன பலகாரமா, சளிக்குக் குடிக்கிற கஷாயமா?" என்பீர்கள்.

"அம்மா, உங்களுத கடிக்கணும்னா முதல்ல பல்லு டாக்டர்கிட்ட சொல்லி வெக்கணும்" என்பார் அவர்.

இருபது ஆண்டுகளாக ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. மாணவர்கள் மட்டும் இரண்டையும் தின்று தீர்த்துவிட்டு, இந்த நாட்டில் ஒரே விழாவுக்கு இரண்டு ருசி உண்டு என்று தெரிந்துகொண்டு போனார்கள்.

இனி, எங்களுள் இளையவளான ஸ்மராந்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த மடலை எழுதியவளும் அவள்தான். வடக்கே ஒரு சிற்றூரில் பிறந்து, தன் குடும்பத்தில் முதன்முதல் பட்டம் வாங்கியவள். பணியில் சேர்ந்த புதிதில் தங்கள் வியாழக்கிழமை விழா வகுப்பு அவளுக்கு வேப்பங்காயாகக் கசந்தது. "நூலு கட்டுறதுக்கும் முட்டைக்குச் சாயம் போடுறதுக்குமா இவ்வளவு படிச்சிட்டு வந்தேன்?" என்று ஆசிரியர் அறையில் உரக்கவே கேட்டாள். தாங்கள் விடுப்பில் இருந்த ஒரு வியாழனன்று அந்த வகுப்பு அவள் தலையில் விழுந்தபோது, மொத்த விழாக்களையும் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டாள்: "யார் என்ன வாழ்த்து சொன்னாலும், 'நன்றி, உங்களுக்கும் அப்படியே'ன்னு சொல்லிடுங்க. அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்."

பின் வரிசையில் இருந்த தில்பகதூர் அதை நோட்டில் எழுதி அடிக்கோடு இட்டுக்கொண்டார். நேபாளத்திலிருந்து வந்து ரொட்டிக்கூடத்தில் மாவு பிசைபவர் அவர். ஈஸ்டர் முடிந்த மறுநாள், அவருடைய மேற்பார்வையாளர் ஃபெவ்ரோனியா சிவப்பு முட்டையை நீட்டி, "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்!" என்றார். தில்பகதூர் பணிவாகத் தலை குனிந்து, தெளிவான உச்சரிப்பில் சொன்னார்: "நன்றி, உங்களுக்கும் அப்படியே!"

அடுப்படி முழுவதும் சிரித்தது. அன்றிலிருந்து அவர் பெயரே 'உங்களுக்கும்' ஆகிவிட்டது. மூன்று வியாழன் அவர் வகுப்புக்கு வரவில்லை. "ஷிஃப்ட் மாறியிருக்கும்" என்றாள் ஸ்மராந்தா. தாங்கள் கைப்பையை எடுத்துக்கொண்டு, அவளையும் இழுத்துக்கொண்டு டிராம் ஏறினீர்கள்.

ரொட்டிக்கூடத்து வாசலில் ஃபெவ்ரோனியா உள்ளே பார்த்துக் கத்தினார்: "டேய் உங்களுக்கும்! உன்னத் தேடி ரெண்டு டீச்சருங்க வந்திருக்காங்க!"

"அவரு பேரு தில்பகதூர். எங்க, சொல்லு பாக்கலாம்" என்றீர்கள்.

"அது நாக்குல நிக்க மாட்டேங்குது டீச்சர்."

"ஃபெவ்ரோனியாங்கிறது அவரு நாக்குல நிக்குதே. உன் நாக்கு மட்டும் என்ன தேஞ்சா போச்சு?"

மாவுக் கையோடு வந்து நின்றவர் தலை நிமிரவில்லை. அவர் ஏன் வரவில்லை என்பது ஸ்மராந்தாவுக்கு அங்கே வைத்துத்தான் தெரிந்தது. தங்கள் கைப்பையிலிருந்து இரண்டு சிவப்பு முட்டைகள் வெளிவந்தன. ஈஸ்டர் கழிந்து நாற்பது நாள் வரை அந்த வாழ்த்து செல்லும் என்பதால் இன்னும் காலம் இருந்தது. சொல்ல வேண்டிய மறுமொழியை அவர் காதில் சொன்னீர்கள். அவர் தயங்கினார்.

"டீச்சர், நான் புத்தரக் கும்பிடுறவன். இத நான் சொன்னா தப்பில்லையா?"

"நம்புறதும் நம்பாததும் உன் இஷ்டம்பா. ஆனா ஒருத்தங்க முட்டைய நீட்டிட்டு நிக்கிறாங்க. அந்தக் கை அப்படியே அந்தரத்துல நிக்கக் கூடாது பாரு."

ஒரு முட்டையை ஃபெவ்ரோனியாவிடம் கொடுத்தீர்கள், மற்றதை அவரிடம். அந்த அம்மாள் வாழ்த்தைச் சொல்லி, வழக்கப்படி தன் முட்டையை அவர் முட்டையில் முட்டினார். "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்!" என்று அடுப்படி அதிரச் சொன்னார் தில்பகதூர். உடைந்தது ஃபெவ்ரோனியாவின் முட்டை; முட்டை உடைந்தவர்தான் தோற்றவர். இந்த முறை கூடம் சிரித்தது அந்த அம்மாளைப் பார்த்து. அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, "சரி சரி, தில்... பகதூர். போதுமா டீச்சர்?" என்றார்.

திரும்பும் வழியில் ஸ்மராந்தா, "அந்த வாக்கியத்தச் சொல்லிக் குடுத்தது நான்தான்" என்றாள். தாங்கள் அவளைத் தேற்றவில்லை. "தெரியும். தப்பு உன்னோடதுதான். அடுத்த வியாழன் நீயே பாடம் எடு" என்றீர்கள். பல்கலைக்கழகத்தில் கால்வைத்த முதல் வாரம் தன் கிராமத்துப் பேச்சைக் கேட்டுச் சிரித்தவர்களின் முகம் அவளுக்கு மறந்ததில்லை. தானும் ஒருவரை அதே இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறோம் என்று அன்று டிராமில் உணர்ந்தாள். அதன் பிறகு ஒரு வியாழன்கூட அவள் தவறவிட்டதில்லை.

இப்போது சொல்லியே தீர வேண்டிய செய்தி. இலையுதிர் காலம் முதல் விழா வகுப்பு நீக்கப்படுகிறது என்று புதிய இயக்குநர் தபாகாரு அவர்கள் சுற்றறிக்கை விட்டிருக்கிறார். "தேர்வுல கேக்கல. இதெல்லாம் பழகப் பழகத் தானா வந்துடும். இதுக்கு எதுக்கு ஒரு மணி நேரம்?" என்பது அவர் வாதம். தானாக வரும் என்று சொல்கிறவர்கள், வீட்டில் யாரோ சொல்லித் தந்து வளர்ந்தவர்கள். சொல்ல ஆளில்லாதவன் எங்கே போவான்?

இதற்கு எங்கள் பதிலைச் செப்பமாகத்தான் எழுதியிருந்தோம். இன்று காலை நடந்தது அதை மாற்றி எழுத வைத்தது. மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் கடைக்காரர் ஒரு மணி நேரம் காத்திருந்து எங்களைத் திட்டினார். அவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

காலையில் இயக்குநர் அவர்கள் தங்களுக்காக அனுப்பிய பூங்கொத்து வந்தது. ஆண்டுக்கு ஒன்றாக, அழகான வெள்ளை ரோஜாக்கள். விழாவுக்கு ரொட்டி கொண்டுவந்திருந்த தில்பகதூர் அதை மேசையில் வைக்கும்போது உதடசைத்து எண்ணினார். மறுபடியும் எண்ணினார். பிறகு இயக்குநரிடமே போய் நின்றார்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. முப்பத்தாறு இருக்கு. இரட்டப்படைன்னா கல்லறைக்கு. உயிரோட இருக்கவங்களுக்கு ஒத்தப்படைதான் குடுக்கணும். டீச்சர் சொல்லிக் குடுத்திருக்காங்க."

இதே நகரில் பிறந்து வளர்ந்த இயக்குநர் அவர்களின் முகம் முட்டைச் சிவப்பாகியது. "வருஷத்துக்கு ஒண்ணுன்னு மட்டும்தான் நெனச்சேன்... ஒண்ண எடுத்துடுங்க" என்றார்.

"எடுத்தாச்சு சார்" என்றாள் ஸ்மராந்தா.

இயக்குநர் அவர்களே! தங்களைக் குத்திக்காட்ட இதைப் படிக்கவில்லை. குத்தினால் அதற்கு நாங்கள் பொறுப்பல்ல. சுற்றறிக்கை இன்னும் பலகையில் ஒட்டியபடியே இருக்கிறது. இருக்கட்டும். செப்டம்பர் இரண்டாம் வியாழன் மாலை ஆறு மணிக்கு நான்காம் அறையில் விழா வகுப்பு நடக்கும். அறை பூட்டியிருந்தால் மாடிப்படியில் நடக்கும். முதல் வகுப்பு ஸ்மராந்தாவுடையது. அடுத்தது பிர்வு அவர்களுடையது. மார்ச் ஒன்பதாம் நாள் மட்டும் அவர் பானையின் அருகே தங்கள் பலகாரத் தட்டும் வைக்கப்படும் என்று அவரிடம் எழுதி வாங்கியிருக்கிறோம்.

அம்மையீர்! தங்கள் கையில் இருப்பவை முப்பத்தைந்து. எஞ்சிய ஒன்றை நான்காம் அறை மேசையில் ஒரு கண்ணாடிக் குவளையில் வைத்திருக்கிறோம். ஒற்றைப்படைதான், அதையும் எண்ணிப் பார்த்துவிட்டோம்.

முழங்கால் வலி தீர்ந்து, கண் தெளிந்து, வாய் மட்டும் என்றும்போல் கூர்மையாக இருக்க, தாங்கள் பல்லாண்டு வாழ வேண்டும் என்று எழுந்து நின்று வாழ்த்துகிறோம். இந்த வாழ்த்துக்கு மட்டும் "நன்றி, உங்களுக்கும் அப்படியே" என்பது சரியான மறுமொழி. சத்தமாகச் சொல்லுங்கள். வாசலருகே தில்பகதூர் காது கொடுத்து நிற்கிறார்.

யாஷ்,
ஜூன் இறுதி வெள்ளி

இங்ஙனம்,
வியாழன் வகுப்பைக் கைவிடாத
மாலைநேர மொழிப்பள்ளி ஆசிரியர்கள் ஐவர்