மூணு வருசமாக மூடிக் கிடக்கும் தொட்டி

ஹலோ... ஹலோ, காண்ட்ராக்டர் வினோத் சாரா? சார், நான் கோதண்டம் பேசறேன். நூம்பல் கழிவுத்தண்ணி ப்ளாண்ட் வாச்மேன்... ஆமா சார், மூடிப் போட்டுகீதே, கூவத்தாண்ட... ஆமா, ஆமா, அதேதான். உங்க ஆளுங்க ரெண்டு பேரு வந்துகீறாங்க. பழைய மோட்டார எடுக்கணும்னு தொட்டில எறங்கப் போறாங்க. வாணாம்னு சொல்லுங்க சார்...

இன்னா... காஞ்சி கெடக்குதா? யாரு சொன்னது? ப்ளாண்ட மூடி மூணு வருசம் ஆவுது. அன்னிலேந்து டேங்கர் லாரிக்காரன் வந்து வந்து இதுல கொட்டிட்டுப் போறான். மேலாப்ல ஏடு கட்டிகினு காஞ்சா மாரி கீது. அடில அத்தினியும் விசக் கேஸு...

ஆமா... ஆமா சார், வாச்மேன்தான். மூடறதுக்கு மின்னாடி பதினோரு வருசம் இங்கியே மோட்டார் ஓட்டினவன் நானு...

இருங்க, இருங்க. டேய் ஜீவா! கால எடு! சார் லைன்ல கீறாரு, இரு!... கேக்க மாட்றான் சார். நீங்க சொன்னாதான் கேப்பான்... டேய், இடுப்புல கவுறாவது கட்டு. சிரிக்காத, கட்டு...

இன்னாது? தொட்டி அடைப்பத் தெறந்து எல்லாத்தையும் ஆத்துல உட்டுட்டா? சார், கீழ பால்காரி கன்னியம்மா எருமைங்க தண்ணில நிக்குது. போன மாசம் எவனோ தெறந்து உட்டான், மீனெல்லாம் செத்து கரையோரம் ஒதுங்கிச்சு. நான் தெறக்க மாட்டேன்... மிஷின் லாரி அனுப்புங்க சார், அது உறிஞ்சி எடுக்கட்டும்... லேட்டாவுமா? ஆவட்டுமே! ஒரு நாள்ல இன்னா...

ஐயோ! கார்த்திகேசா! கவுத்தப் புடி! இழு... இழுடா! அக்குள்ள கைய குடு... ம்... தூக்கு... படுக்க வை. ஒதுங்கு, காத்து வரட்டும். ஜீவா! டேய், என்னப் பாருடா! ஜீவா!...

...ஹலோ. கீறேன் சார்... ஏணில நாலு படி. நாலே படிதான் எறங்கினான், கண்ணு சொருகிடுச்சு... மூச்சு வருது. வாந்தி எடுக்கறான். கார்த்திகேசன் நூத்தியெட்டுக்கு போன் போட்டுகினு கீறான்.

இன்னா?... திரும்பச் சொல்லுங்க... இவன ஓரமா குந்த வெச்சிட்டு கார்த்திகேசன எறக்கறதா?

...ஒரு நிமிசம் லைன்ல இருங்க சார்.

...ம், சொல்லுங்க... இன்னா சத்தமா? ஏணி சார். தூக்கி ஆத்துல போட்டுட்டேன். மூங்கி ஏணிதான, மெதக்குது. ஆகாயத்தாமரையோட வானகரம் பக்கமா போய்கினு கீது...

வேலைய உட்டுத் தூக்கறியா? தூக்கு... ஆமா... ஆமாய்யா, வாச்மேன்தான் பேசறேன்... இன்னொரு ஏணியா? கொண்டா. நீயே எட்துகினு வா. மொதல்ல நீ எறங்கு, மேலேந்து கவுத்த நான் புடிச்சிக்கிறேன்...

ஹலோ?... சார்?... ஹலோ?