சீனியில்லாத் தேங்காய் மிட்டாய்

மேடம், உங்கள் ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது. பால்தான் கொஞ்சம் தண்ணீர். சீனி அளவாக விழுந்திருக்கிறது. இனிப்பு விஷயத்தில் என் நாக்கு தப்பாகச் சொல்லாது. கூடலூரில் கல்யாணம், காதுகுத்து என்றால் தேங்காய் மிட்டாய்க்கு என் வீட்டுக்குத்தான் வருவார்கள். எழுதிக்கொள்ளுங்கள். பெயர் நதியா. வயது முப்பத்தொன்பது. வீட்டுக்காரர் தங்கப்பாண்டி, குமுளிக்கு ஜீப் ஓட்டுகிறார். மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

எல்லாம் சீனிச்சாமி மாமாவால் ஆரம்பித்தது. சொந்தமில்லை, பக்கத்துத் தெரு, பழக்கத்தில் மாமா. காமயகவுண்டன்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருந்தார். பெயரில் சீனி, உடம்பில் எட்டு வருடமாகச் சுகர். "பேருல இருக்குறதையும் பிடுங்கிருவாக போல" என்று டாக்டரைத் திட்டுவார். அவர் சம்சாரம் ஜக்கம்மா அத்தை சீனி டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிவார். போன வருடத்துக்கு முந்தின தீபாவளி வாரத்தில் நான் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தபோது மாமா வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. வாசனையை மட்டும் இழுத்து இழுத்து விட்டார்.

"ஏத்தா நதியா, சீனி போடாம எனக்கு நாலு துண்டு செய்ய முடியாதா? மெடிக்கல்ல ஏதோ பொடி விக்கிறாகளாமே."

அந்த மனுஷனைப் பார்த்து முடியாது என்று யாரால் சொல்ல முடியும்?

கம்பத்துக்குப் போய்ச் சுகர்காரர்களுக்கான இனிப்புப் பொடி வாங்கி வந்தேன். நேர்மையாகத்தான் ஆரம்பித்தேன் என்பதை அடிக்கோடு போட்டு எழுதுங்கள். அந்தப் பொடிக்கு இனிக்கத் தெரியும், வேறொன்றும் தெரியாது. ஒரு சிட்டிகையில் ஒரு கை சீனியின் தித்திப்பு வந்துவிடும். ஆனால் கம்பிப் பதம் எங்கிருந்து வரும்? பிடித்து வைக்கப் பாகு இல்லாமல் தேங்காய்ப்பூ உதிரி உதிரியாகக் கிடந்தது. ஆன்லைனில் வேறொரு பொடி வரவழைத்தேன். அது இறுகியது, ஆனால் வாயில் போட்டால் பற்பசை மாதிரி ஜில்லென்றது, அடிநாக்கில் ஒரு கசப்பு வேறு. ஐந்தாவது தடவை ஒருவழியாகத் துண்டு போட வந்தது.

மாமா ஒரு துண்டை மென்றார். கஷாயம் குடிக்கிற பிள்ளையின் முகம். "நல்லாத்தான்த்தா இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

என் மிட்டாயைத் தின்றுவிட்டு அதுவரை யாரும் தண்ணீர் கேட்டதில்லை மேடம்.

அடுத்த தடவை ஒரு கை சீனி சேர்த்தேன், பாகு நிற்கட்டும் என்று. அதற்கடுத்து இரண்டு கை. பிறகு அந்தப் பொடிதான் எதற்கு என்று தோன்றியது. முழுக்கச் சீனியில் காய்ச்சி, ஏலக்காய் தட்டிப் போட்டு, டப்பாவில் அடுக்கி எடுத்துப் போனேன். "புதுப் பொடி மாமா, வெளிநாட்டுச் சரக்கு" என்றேன்.

அன்றைக்கு நீங்கள் அங்கே இருந்திருக்க வேண்டும். மாமா கண்ணை மூடினார், திறந்தார், தோளில் கிடந்த துண்டை உருவித் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு, வாசலிலேயே ஒரு சுற்று ஆடினார். அறுபத்திரண்டு வயது. "ஏ ஜக்கம்மா, இங்கன வாடி. இந்தப் புள்ள சீனியையே ஜெயிச்சிருச்சுடி" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டார். அத்தை ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதுல சீனியே இல்லையா?"

"ஒரு பொட்டு இல்ல அத்தை."

எட்டு வருடமாக ஒரு டப்பாவுக்குக் காவல் இருந்தவர். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். எனக்கும் கண்ணீர் வந்தது. மாமாவுக்கும். மூன்று பேரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே டப்பாவைக் காலி செய்தோம். இரண்டு நாள் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்புறம் பேச்சு பரவிவிட்டது. காலையில் நடைபயிற்சி போகிறவர்கள் பாதி வழியில் என் வீட்டுக்குத் திரும்பினார்கள். வீட்டுக்காரர் ஜீப்பில் டப்பாக்கள் மலையேறின. குமுளியிலிருந்து ஒரு மலையாளத்து அம்மா போன் போட்டு, "சேச்சி, எந்தொரு மதுரம்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கோம்பையில் ஒரு கல்யாணத்தில் சுகர்காரர்களுக்கென்று தனி மேசை போட்டு என் மிட்டாயை வைத்தார்கள். பிரியாணிப் பந்தியை விட அங்கேதான் கூட்டம். சுகரே இல்லாதவர்கள் கூட, இருக்கிறது என்று பொய் சொல்லி வாங்கித் தின்றார்கள். பொய் சொல்வதில் மனிதர்களுக்கு என்ன வெட்கமின்மை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

சிலருக்குச் சுகர் மீட்டரில் ஏறியது. உண்மைதான். என்னிடம் வந்து கேட்டார்கள், நான் பொறுமையாக விளக்கினேன்: சோற்றைக் குறையுங்கள், இட்லியை விடுங்கள். கேட்டுக்கொண்டார்கள். மாமா சோற்றையே நிறுத்திவிட்டார். மிட்டாய் நாலு துண்டிலிருந்து பத்தானது. சீனியில்லாததுதானே. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார், பிறகு ஊசி போட்டார். "மறைச்சு என்னமோ திங்கிறீக" என்று கேட்டாராம். மாமா குலசாமி மேல் சத்தியம் செய்தாராம், சீனியைத் தொட்டே மாசக்கணக்காச்சு என்று. அதைப் பொய்ச் சத்தியம் என்று சொல்ல மாட்டேன். அவர் அறிந்த வரையில் உண்மைதான்.

இந்த வருடம் தை மாதம் திராட்சைப் பந்தல் கம்பி அவர் காலில் கிழித்தது. புண் ஆறவில்லை. தேனியில் ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பெருவிரலை எடுத்தார்கள். மாசிக் கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். நான் ஒவ்வொரு வாரமும் போனேன். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகிற வழக்கம் எனக்கு இல்லை.

அந்த வார்டு முழுக்கச் சுகர்காரர்கள். மாமா டப்பாவைத் திறந்து, "எல்லாரும் எடுங்கப்பா, நம்ம சாதி மிட்டாய் இது, சுகர் சாதி" என்று சுற்றுக்கு விட்டார். கால் போனவர்கள், கண் மங்கியவர்கள், டியூப் சொருகியிருந்தவர்கள், எல்லோரும் இடைவேளை மணியடித்த பிள்ளைகள் மாதிரி கலகலவென்று ஆகிவிட்டார்கள். ஒருவர் பாட்டே எடுத்துவிட்டார். நர்ஸ் ஓடிவந்து சத்தம் போட்டார். அப்படி ஒரு சிரிப்பு அந்தக் கட்டடத்தில் கேட்டிருக்காது.

அத்தை மட்டும் என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போய், "நதியா, கேக்குறேன்னு தப்பா நினைக்காத. இதுல ஒண்ணும் கலக்கலையே?" என்றார்.

"இருந்தா இவகளுக்கு நான் கொண்டாருவேனாத்தை?"

அத்தை தலையைக் குனிந்துகொண்டார். கேட்டதற்காக அவருக்கு வெட்கமாகிவிட்டது. நான் முதுகில் தட்டிக்கொடுத்தேன். கிளம்பும்போது மாமா என் கையைப் பிடித்து, "ஒன்னைய நம்பித்தான்த்தா திங்கிறேன்" என்றார். எத்தனையோ பேர் பாராட்டியிருக்கிறார்கள். இப்படி ஒருவரும் சொன்னதில்லை.

சித்திரையில் போய்விட்டார். பதினாறாம் நாள் படத்துக்கு முன்னால் படைக்க அத்தை என்னிடமே மிட்டாய் சொல்லியிருந்தார். அன்றைக்குப் பாகில் சீனி ஒரு பிடி கூடவே போட்டேன். இனி அவருக்கு என்ன.

அதோடு நிறுத்தியிருக்கலாம் என்கிறீர்கள். டப்பாவுக்குக் காத்திருக்கிறவர்களிடம் என்ன சொல்லி நிறுத்துவது? கம்பத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அம்சத் பீவி அம்மா மட்டும் வாரம் இரண்டு டப்பா வாங்குவார். அவர்தான் போன மாதம் ஆட்டோ பிடித்து வீட்டுக்கே வந்தார். டப்பாவைத் திறந்து என் முன்னால் வைத்தார். துண்டே தெரியாத அளவுக்கு எறும்பு.

"ராத்திரி மூட மறந்துட்டேன். காலையில பாத்தா இப்புடி. சீனி இல்லாத மிட்டாய்ல எறும்புக்கு என்ன வேலை நதியா?"

"தேங்காய்க்கு வந்திருக்கும்மா" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ஆறு மாசமா எனக்குக் கண்ணு மங்கிக்கிட்டே வருது. டாக்டரு மேல கோவப்பட்டுக்கிட்டுத் திரிஞ்சேன். எறும்பு ஊர்றது தெரியுற மட்டும் பார்வை மிஞ்சியிருக்கு, அல்லாஹ் கருணை." டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதிலிருந்து ஒரு துண்டைச் சோதனைக்குக் கொடுத்தார், முழுக்கச் சீனி என்று தாள் வந்தது, அதன் பின்னால் நீங்கள் வந்தீர்கள். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. பதினெட்டு மாதம் சந்தோஷமாகத் தின்றவர்தான்.

தெரிந்தே செய்தாயா என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். நான் டாக்டரா மேடம்? பத்தாவது வரை படித்தவள். ஒரு துண்டு மிட்டாய் ஒரு மனுஷனை இவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆசைப்பட்டதைக் கொடுத்தேன், முகம் மலர்வதைப் பார்த்தேன், அவ்வளவுதான். தெரியாமல் நடந்தது என்றே எழுதுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னொன்று. என் அலமாரியிலிருந்து உங்கள் ஆட்கள் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவையும் எடுத்துப் போயிருக்கிறார்கள். அதைச் சோதனைக்கு அனுப்ப வேண்டாம், வீண் அலைச்சல். அதில் சீனி இருக்காது. வீட்டுக்காரருக்கு நாலு வருடமாகச் சுகர். அவருக்கு மட்டும் தனிச் சட்டியில், அந்தப் பொடியில்தான் செய்வேன்; கரண்டி கூட அதற்குத் தனி. விற்கிற டப்பாவைத் தொடவே கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன். "எனக்குச் செய்றது மட்டும் ஏண்டி நல்லாவே இல்ல" என்று தினமும் குறைப்படுகிறார். குறைப்படட்டும் மேடம். அவர் எனக்கு நெடுநாள் இருக்க வேண்டும்.