எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அழுகை

ஜீஷான்: மனுஷனுக்கு உள்ளுணர்வுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது மகேஷு. கோழிக்கு உண்டு. ஆமைக்கு உண்டு. மனுஷனுக்கு இருக்கது வெறும் பழக்கம்.

மகேஷ்: முதல்ல புள்ள தலைய நேராப் பிடில. உளவியல் ரெண்டாம் வருசம் படிக்கவன் புள்ள தூக்குத லட்சணமா இது?

ஜீஷான்: போன டீச்சர் பரிச்சையில எங்க அக்கா, ஷமீம் லாத்தா, பாதியில எந்திரிச்சு வந்தா பாரு... ஏன்னு கேட்டா, ‘எம் புள்ள அழுத சத்தம் கேட்டுது’ங்கா. இந்தா, இந்தப் பள்ளிக்கூட வாசல்லயே பரிச்ச எழுதுதவங்க புள்ளைங்க இருபது கெடக்கு. எல்லாம் ஒரே ‘ங்ஙே’தான். அதுல என்னத்த அடையாளம்?

மகேஷ்: அன்னைக்கு அழுதது இந்தத் தஸ்மியாதானல?

ஜீஷான்: அது... தற்செயல்.

மகேஷ்: இன்னைக்கும் பாதியில எந்திரிச்சு வந்துட்டான்னா?

ஜீஷான்: மாமியா வீட்டுல புஸ்தகத்தப் பூராவும் கட்டிப் பரண்ல போட்டுருவாவ. டீச்சர் வேலை அம்புட்டுதான். அதுக்குத்தானே அறிவியல் தெரிஞ்ச ஆளா நான் வந்திருக்கேன்.

மகேஷ்: உன் அறிவியலக் கேட்டுப் புள்ள தூங்கிட்டு. புள்ளைய மெதுவா அந்த அக்காட்ட குடு. டீ குடிப்போம்.

ஜீஷான்: பிரேமலதாக்கா, செத்த பிடிங்க. உங்க வீட்டுக்காரரு பரிச்ச முடிச்சு வாரதுக்குள்ள வந்துருதேன். எதுத்த கடைதான்.

பிரேமலதா: போயிட்டு வாங்க தம்பி. முழிச்சா கூப்பிடுதேன்.

மகேஷ்: அண்ணாச்சி, ரெண்டு டீ. ...ஏலே, அங்கன ஒண்ணு அழுவுது.

ஜீஷான்: அது நீலச் சட்டைக்காரரு புள்ள. மூக்கால அழும்.

மகேஷ்: இது?

ஜீஷான்: ரெட்டைப் புள்ளையில மூத்தது. இளையது இம்புட்டு இழுக்காது. சரி, எங்க விட்டேன்... ஆங், எல்லா அழுகையும் ஒண்ணு. காதுல விழுதது வெறும் சத்தம். அர்த்தத்த நாமளாத்தான்... இந்தா, டீயப் பிடி.

மகேஷ்: எங்கல ஓடுத? லாரிச் சத்தம்தானே கேக்குது... ஏலே, பஸ்ஸு வருது, பாத்துப் போ...

பிரேமலதா: என்ன தம்பி, இப்படி மூச்சு வாங்குது? அவ வாயே தொறக்கலியே. லேசா சிணுங்குனா. நான் கூப்பிடக்கூட இல்ல.

ஜீஷான்: ஷ்ஷ்... மாமா வந்துட்டேன்ட்டி... வந்துட்டேன்...

பிரேமலதா: மாடி சன்னல்ல உங்க லாத்தாவும் எந்திரிச்சு நின்னாவ. உங்க கையில புள்ளயப் பாத்த பொறவுதான் உக்காந்து எழுதுதாவ.

ஜீஷான்: காத்து வாங்க எந்திரிச்சிருப்பா.

பிரேமலதா: சரி, நீங்க எதுக்கு ஓடியாந்தீங்க?

ஜீஷான்: டீ ஆறிட்டுக்கா.

மகேஷ்: ஆறிட்டா? ரெண்டு கிளாசும் என் கையப் பொசுக்குதுல.