வாயால் ஊதாத விளக்கு

ஓடுகிறோம். படிக்கட்டில் இருட்டு. சைரன் அலறுகிறது. யாரோ என் காலை மிதிக்கிறார்கள். முன்னால் ஓடும் பெண்கள் ஆளுக்கொரு பாஷையில் சாமியைக் கூப்பிடுகிறார்கள். நான் தமிழில் கத்துகிறேன்.

"தேவி! ஊதி அணைச்சிட்டு ஓடியாடி!"

தேவி என் தங்கை. இருபத்தாறு வயது. செஞ்சியிலிருந்து இருவரும் ஒன்றாகத்தான் கடல் தாண்டி ஒரு துறைமுக ஊருக்கு வேலைக்குப் போனோம். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் வேலை. சண்டை தொடங்கியதும் ஊர் திரும்ப வழி அடைத்துவிட்டார்கள்.

அன்றைக்கு அமாவாசை. மேல்மலையனூர் அங்காளம்மனை நினைத்து எங்கள் அறையில் அகல் ஏற்றியிருந்தாள். சைரன் அடித்தால் பொட்டு வெளிச்சம்கூட வெளியே தெரியக் கூடாது என்பது உத்தரவு. அணைத்தே ஆக வேண்டும். ஆனால் எங்கள் வீட்டில் விளக்கை வாயால் ஊத மாட்டோம். பூவால் அணைப்போம். அந்த ஊரில் பூவுக்கு எங்கே போவது?

"இரு அக்கா, திரிய எண்ணெய்ல இழுத்துட்டு வந்துடறேன்!"

அவள் கடைசியாகச் சொன்னது அதுதான். மேலே விசில் மாதிரி ஒரு சத்தம். நீளமாக. பிறகு டமார். சுவர் என் முதுகில் விழுந்தது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. என் இடது காதில் இன்றுவரை இல்லை. ஒரே ஒரு ஊது ஊதியிருந்தால் என்னோடு படியில் இருந்திருப்பாள். ஐயோ, பைத்தியக்காரி!

வழி திறந்ததும், சீல் வைத்த பெட்டியில் என்னோடு ஊர் வந்து சேர்ந்தாள். ஊரில் சொந்தக்காரர்களிடம் விட்டுப்போயிருந்த அவள் மகள் மலருக்கு அப்போது நான்கு வயது. அப்பன்காரன் அது பிறப்பதற்கு முன்பே கம்பி நீட்டியவன். அடக்கம் முடியும்வரை பிள்ளையைப் பக்கத்துத் தெருவில் வைத்திருந்தார்கள். "அம்மா டூட்டில இருக்குது, லீவு கெடைக்கல" என்று சொல்லிவைத்தார்கள். நானும் தலையாட்டினேன்.

மலர் நம்பினாள். வாசலைப் பார்த்துக்கொண்டேதான் சோற்றை மெல்லுவாள். ஆட்டோ நின்றால் எழுந்து ஓடுவாள்.

போன அமாவாசை. செஞ்சி பஸ் ஸ்டாண்ட். மலையனூருக்கு ஸ்பெஷல் பஸ்கள். கூட்டம் நெரிகிறது. மலர் என் இடது பக்கம் நிற்கிறாள். ஏதோ சொல்லியிருக்கிறாள். எனக்குக் கேட்கவில்லை. கையை உருவிக்கொள்கிறாள். ஊதாச் சுடிதார் போட்ட ஒருத்தி, பின்னாலிருந்து பார்த்தால் தேவி மாதிரி, ரோட்டைக் கடக்கிறாள். பின்னாலேயே பிள்ளை ஓடுகிறாள்.

"யம்மா! யம்மா!"

"கொழந்த! கொழந்த! பிரேக்க போடுய்யா!"

கூட்டம் கத்தியது. பஸ் கிறீச்சென்று நின்றது. டயருக்கும் அவளுக்கும் ஒரு முழம்தான். அள்ளித் தூக்கினேன். அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். யாரோ ஒருத்தி. மலர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெட்டிக்கடை ஓரம் தரையிலேயே உட்கார்ந்து அவளை மடியில் வைத்துக்கொண்டேன். இனியும் பொய் சொன்னால் இவளையும் சாகக் கொடுப்பேன்.

"மலரு. அம்மா வராதுடி. குண்டு வுழுந்து செத்துப்போச்சி. நம்ம ஊர்லதான் பொதச்சிருக்குது."

"லீவு கெடச்சாலும் வராதா?"

"வராது."

"அப்ப எனக்கு யாரு?"

"நான் இருக்கன்டி. பெரிம்மா இருக்கன்."

அவள் அழவில்லை. என் முந்தானையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். நான்தான் ஊரே பார்க்க அழுதேன். பஸ்கள் போய்க்கொண்டே இருந்தன. நாங்கள் எதிலும் ஏறவில்லை.

இழந்ததைச் சொல்லிவிடுகிறேன். யாரும் மறந்துவிடக் கூடாது. எங்கள் கட்டடத்தில் நான்கு பெண்கள். தேவி. கேரளத்து லிஸ்ஸி. மற்ற இருவர் பெயர் தெரியாது. ஒரே குழாயில் தண்ணீர் பிடித்திருக்கிறோம், கேட்டதில்லை. என் இடது காது. அப்புறம், அம்மா வருவாள் என்று ஒரு சின்னப் பிள்ளை வைத்திருந்த நம்பிக்கை. மற்றதையெல்லாம் குண்டு கொண்டுபோனது. அதை மட்டும் நான் கொன்றேன்.