மாடனும் நாங்களும் ஒரே ரயிலுக்குக் காத்திருக்கிறோம்

இந்தத் தாள் உங்கள் கையில் கிடைத்தால், காலைத் தொட்டுக் கேட்கிறேன், யாருக்கும் காட்டாதீர்கள். முக்கியமாக ஆத்தூர் வியாபாரிகள் சங்கத் தலைவர் சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சிக்குக் காட்டாதீர்கள். அவர் என் அப்பா.

நாளைக் காலையில் கல்யாண மண்டபத்தில் ரயில் திட்டத்துக்கான கருத்துக் கேட்புக் கூட்டம். மில்லர்புரத்திலிருந்து எங்கள் ஆத்தூர் வரைக்கும் வரப்போகிற இலகு ரயில். ஊரில் குட்டி ரயில் என்பார்கள். ஊர் இந்தத் தடவையும் ஒத்துக்கொள்ளாவிட்டால் தண்டவாளம் முள்ளக்காட்டோடு நின்றுவிடும், ஆத்தூருக்கு வராது என்று சொல்லிவிட்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் சார்பில் பேச என்னை நிறுத்தியிருக்கிறார்கள். நான் பேச வேண்டியதைச் சங்கத்திலேயே டைப் அடித்து அப்பா கொண்டுவந்து தந்துவிட்டார். ‘மாடன் கோயிலைக் காப்போம், ரயில் பாதையை மாற்றுவோம்’ என்று அதில் இருக்கிறது. நான் பேசப்போவது அது இல்லை, இது. போர்வைக்குள் செல்போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். படுத்துக்கொண்டே எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும். மேடையில் குரல் கோணாது.

மாறுதல் ஆணை வருவதற்குள் எங்கள் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று வந்து, இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் திட்ட அதிகாரி அம்மா அவர்களே! வீட்டில் அப்பா என்றும் இங்கே தலைவர் என்றும் நான் அழைக்க வேண்டிய, என் பாசத்துக்கும் பயத்துக்கும் உரிய வியாபாரிகள் சங்கத் தலைவர் அவர்களே! விடியும் முன்னே கொடிக்காலில் குனிந்து, வெற்றிலை கிள்ளி, வெயில் ஏறுமுன் வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! உப்பளத்தில் வெயிலைச் சுமந்து வெண்மையை அள்ளும் தாய்மார்களே! புன்னைக்காயலிலிருந்து வலையைக் கரையில் போட்டுவிட்டு வந்திருக்கும் மாமாமார்களே! பஸ் வருமா வராதா என்று சாலையோரத்திலேயே பாதி வயதைக் கழித்த என் அக்காமார்களே, தங்கைமார்களே! நிற்பதில் நிகரில்லாத உங்கள் எல்லோருக்கும், நின்றபடியே என் வணக்கம்.

ரயில் எதற்கு? போவதற்கு. உலகத்தில் எல்லா ரயிலும் போவதற்கு. நம் ரயில் மட்டும் பேசுவதற்கு! பேசினோம், பேசினோம், பேசிக்கொண்டே வளர்ந்தோம்.

முதல் சர்வே வந்தபோது நான் மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் ரயில் படம் வரையச் சொன்னார்கள். நான் வரைந்த ரயிலுக்கு ஐந்து பெட்டி, ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வெற்றிலைப் படம். முதல் பரிசாகச் சில்வர் டம்ளர் கொடுத்தார்கள். அந்த டம்ளர் விழுந்து, நசுங்கி, பழைய பாத்திரக்காரரிடம் போய், கரண்டியாகவே மாறியிருக்கும். ரயில் வரவில்லை.

கிழக்கே போகும் என்றார்கள். உப்பளம் கெடும் என்றோம். மேற்கே போகும் என்றார்கள். கொடிக்கால் வாடும் என்றோம். மேலே பாலத்தில் போகும் என்றார்கள். பாலத்துக்கு மண் பார்க்க வேண்டும் என்றார்கள். மண் பார்க்க வந்தார்கள், மழை வந்தது. மழை போனது, அதிகாரியும் போனார். புது அதிகாரி வந்தார். பழைய வரைபடம் பிடிக்கவில்லை என்றார். பிறகு என்ன சொன்னார்கள் தெரியுமா? பின்வரிசையில் ஒரு அண்ணாச்சி சொல்கிறாரே, அதேதான். மறுபடியும் கிழக்கே போகும் என்றார்கள்!

முத்துக் குளித்த கடற்கரை நம் கடற்கரை. முங்குகிறவர் மூச்சைப் பிடிப்பார். பிடித்த மூச்சு முடியுமுன் மேலே வருவார். மேலே நிற்கிற ஆள் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை எடுக்காமல் பார்ப்பார். நம் திட்டமும் முங்கியது. கயிற்றைப் பிடிக்க வேண்டியவர்கள் நாம். நாம் என்ன செய்தோம்? ஆளாளுக்கு ஒரு பக்கம் இழுத்தோம்!

இது யாருக்கு வலித்தது? சொல்கிறேன்.

என் அக்கா ரம்யாவுக்கு மில்லர்புரம் பக்கம் ஒரு காலேஜில் இடம் கிடைத்தது. ஒரு நாள் சாயங்காலம் வந்த பஸ் வழியிலேயே நின்றுபோனது. அடுத்து வந்த பஸ் நிற்காமல் போனது. அக்கா வீடு வந்து சேர்ந்தபோது கடைத்தெரு அடங்கியிருந்தது. அப்பா வாசலில் நின்றார்.

“எங்கனளா போன?”

“பஸ் வரலப்பா.”

“போன் அடிக்க வேண்டியதுதானே?”

“சார்ஜ் இல்லப்பா.”

“நாளையிலருந்து போவாண்டாம்.”

அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்: “அவ என்ன செய்வா? பஸ்ஸ அவளா ஓட்டுதா?”

அப்பா வாசல் கதவைத் தாழிட்டார். அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். பிறகு சொன்னார்: “ரயிலுக்கு மொத தூண் எழும்பட்டும். அன்னைக்கே ரெண்டு பேரும் படிக்கப் போங்க. ரயில் ஓடுத வரைக்கும் நானே மண்டி வேன்ல கொண்டு விட்டுக் கூட்டியாந்துருதேன். முடிவே தெரியாத காரியத்துக்கு எத்தன வருசம் நான் வேன் ஓட்ட?”

அந்த வாக்கைப் பிடித்துக்கொண்டு என் அக்கா வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். கருப்பட்டி மிட்டாய்ப் பாக்கெட்டுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறாள். கோணாமல் ஒட்டுகிறாள். தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டால் மட்டும் கை ஒரு நொடி நிற்கிறது. இந்த ஆண்டு நான் பிளஸ் டூ முடிக்கிறேன். எனக்கும் அதே வாக்கு. முதல் தூண் எழுந்தால் காலேஜ். எழாவிட்டால் ஸ்டிக்கர்.

அந்தத் தூணை இப்போது தடுத்து நிற்பது எது? உப்பளமா? இல்லை, பேசி முடித்தாயிற்று. கொடிக்காலா? இல்லை, மாற்றிடம் கொடுத்தாயிற்று. ஒரு கல். கருப்பட்டி அடுக்கும் கிட்டங்கிக்குப் பக்கத்தில் நிற்கிற ஒரே ஒரு கல்!

அது எப்படி வந்தது என்று இந்த ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த பாதிப் பேர் சொல்வதில்லை. வெள்ளம் வந்த டிசம்பரில், சர்வேக்காரர்கள் நட்டிருந்த கல்லெல்லாம் அடித்துக்கொண்டு போனது. அவர்கள் ஆளுயரத்துக்குக் கட்டியிருந்த இந்த எல்லைக் கல் மட்டும் அசையவில்லை. ஆண்டவன் தாங்கினான் என்றார்கள். அடியில் கம்பி இறக்கிச் சிமெண்ட் போட்டிருந்தது என்று சொல்ல அன்றைக்கு யாருக்கும் வாய் வரவில்லை. தண்ணீரில் நின்ற ஊருக்கு நிற்கிற எதைப் பார்த்தாலும் கும்பிடத்தான் தோன்றும்.

மறுபடி சர்வேக்காரர்கள் வருகிறார்கள், பாதை போட்டால் கிட்டங்கி இடிபடும் என்று தகவல் வந்தது. அன்று விடியும் முன்பு, மழைக்கு முந்தித் துணி எடுக்க நான் மாடிக்குப் போனேன். கீழே கிட்டங்கிப் பக்கம் ஒருவர் சுண்ணாம்பு வாளியோடு வந்தார். கல்லுக்கு வெள்ளையடித்தார். சந்தனம் பூசினார். குங்குமம் வைத்தார். பிச்சிப்பூ மாலை போட்டார். நம் ஊரில் சுடலைமாடன் பீடம் எப்படி இருக்கும்? ஆளுயர வெள்ளைத் தூண். அந்தக் கல் இப்போது எப்படி இருந்தது? ஆளுயர வெள்ளைத் தூண்!

(‘என் அப்பா’ என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். மேடையில் ‘ஒருவர்’ என்றுதான் சொல்வேன்.)

சர்வேக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். சின்னவர் கேட்டார்: “சார், இது நம்ம கல்லுதான?”

பெரியவர் சொன்னார்: “நம்ம கல்லுதாம்ல. ஆனா இப்ப நம்மது இல்ல. செருப்பக் கழத்து.”

சிரியுங்கள், சிரியுங்கள்! நானும் மாடியில் நின்று சிரித்தேன். அந்தச் சிரிப்பில் ஒரு வரைபடம் கிழிந்தது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. கோயில் இருக்கிறது, பாதையை மாற்று. பாதை மாறினால் மறுபடி மண் பார். மண் பார்க்கப் போனால் மறுபடி மழை!

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கல்லுக்கு வெள்ளையடித்த அந்த ஒருவர் முதல் வாரம் அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அடுத்த மாதம் கையைக் கூப்பினார். ஆடியில் பொங்கல் வைத்தார். இன்றைக்கு அவர் அங்கே கும்பிடாமல் கடையைத் திறப்பதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அங்கேயிருந்துதான் திருநீறு வருகிறது. தந்திரமாகத் தொடங்கியது பக்தியாக முற்றிவிட்டது. அந்தப் பக்தியை நான் பழிக்கவில்லை. அந்தத் திருநீற்றைப் பூசித்தான் இந்த மேடைக்கு வந்திருக்கிறேன்.

(இந்த இடத்தில் பாத்திரக்கடை வேல்ராஜ் அண்ணாச்சி எழுந்து, “ஏளா, சாமிய இழுத்துப் பேசாத, உக்காரு!” என்று கத்துவார். பதில் எழுதி வைத்துக்கொள்கிறேன்.)

உட்காருகிறேன் அண்ணாச்சி! எங்கே உட்கார? முள்ளக்காட்டில் எங்கள் பள்ளிக்கூடத்து பஸ் ஸ்டாப் பெஞ்சு உடைந்து, நீங்கள் அதன்மேல் உங்கள் கடை அண்டாவை அடுக்கி வைத்திருக்கிறீர்களே! அதற்குப் பக்கத்தில்தான் நானும் என்னோடு படிக்கிற புன்னைக்காயல் ஸ்டெபியும் வீட்டுக்கு வர தினமும் நிற்கிறோம். போன வாரம் இருட்டுகிற நேரம், பஸ்ஸைக் காணோம். பைக்கில் இரண்டு பேர் சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஸ்டெபி என் கையைப் பிடித்துக்கொண்டு, பயத்தை மறைக்கச் சிரித்தாள். “ஏளா கனி, எங்க மாதாகிட்டச் சொல்லி உங்க மாடனுக்கு ஒரு சிபாரிசு வைக்கட்டா? ‘அண்ணாச்சி, ஒரு எட்டு தள்ளி நில்லுங்க, பிள்ளைங்க வீட்டுக்குப் போவணும்’னு?”

நானும் சிரித்தேன். பஸ் ஏறிய பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. யோசித்துப் பார்த்தேன். மாடன் யார்? காவல் சாமி. இருட்டில் தனியே வருகிறவர்களுக்குப் பின்னால் நடந்து வருகிற சாமி. பயந்த பிள்ளை பெயரைச் சொன்னால் துணைக்கு நிற்கிற சாமி. அந்தச் சாமியா எங்களை இருட்டில் நிறுத்தும்? அந்தச் சாமியா எங்கள் வழியை மறிக்கும்? வழிக்குக் காவல் நிற்கிறவரை வழிக்குக் குறுக்கே நிறுத்தியது யார்? அவர் கேட்டாரா? நாமல்லவா நிறுத்தினோம்!

சாமியைத் தள்ளிவிடவா சொல்கிறாய் என்பீர்கள். ஐயோ, இல்லை. நமக்குத் தெரியாத முறையா? மும்பைக்குக் கடை வைக்கப் போன நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? மாடன் காலடியில் ஒரு பிடி மண் எடுத்தார்கள். மஞ்சள் துணியில் முடிந்தார்கள். மடியில் வைத்து ரயிலேறினார்கள். போன இடத்தில் அந்தப் பிடிமண்ணை வைத்து மாடனை நிறுத்தினார்கள். சாமி அங்கே வரவில்லையா? வரம் தரவில்லையா? அடுத்த ஆண்டே தொலைபேசியில் நம்மிடம் பெருமை பேசவில்லையா? அன்பார்ந்த பெரியோர்களே, நம் மாடன் ரயிலுக்கு எதிரி இல்லை. நம்மில் பலருக்கும் முன்னால் ரயிலேறியவர் அவர்!

கிட்டங்கி மூலையிலிருந்து ஒரு பிடி மண் எடுப்போம். மேளம் கொட்டி, குலவையிட்டு, வரப்போகிற ஸ்டேஷன் வாசலில் பீடம் வைப்போம். கடைசி ரயிலில் இறங்குகிற ஒவ்வொரு பிள்ளையும் அவர் முகத்தில் விழிக்கட்டும். உப்பளத்து அம்மா அங்கே நின்று ஒரு கும்பிடு போடட்டும். ஸ்டெபி அவரைத் தாண்டிப் போகும்போது, “சிபாரிசு பலிச்சிட்டு அண்ணாச்சி” என்று சொல்லட்டும். மாடன் மறியல் செய்ய வந்தவர் இல்லை. மாடனும் நாங்களும் ஒரே ரயிலுக்குத்தான் காத்திருக்கிறோம்!

அதிகாரி அம்மா, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பீடத்துக்கு இடம் உண்டு என்று இங்கேயே, இந்த ஒலிபெருக்கியிலேயே சொல்லுங்கள். நீங்கள் மாறிப்போனாலும் அந்த வார்த்தை மாறிப்போகாமல் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இனி மிச்சம் ஒன்றுதான். பிடிமண்ணை யார் எடுப்பது? அதிகாரி எடுக்க முடியாது, ஊர் பொறுக்காது. ஊர் எடுக்க முடியாது, மனம் துணியாது. வைத்த கைதான் எடுக்க வேண்டும். அந்த ஒருவர் இந்த அவையில்தான் இருக்கிறார். மேடையிலா தரையிலா என்று சொல்ல மாட்டேன். செத்தாலும் அவர் பெயரை என் வாயால் சொல்ல மாட்டேன். ஆனால் அவரிடம் கேட்பேன்.

ஐயா, உங்களுக்கு இரண்டு பெண்கள். ஒருத்தி உங்கள் வாக்கை நம்பி ஸ்டிக்கர் ஒட்டுகிறாள். ஒருத்தி உங்கள் வாக்கை நம்பி இங்கே நிற்கிறாள். நீங்கள் எழுந்து, “நான் வச்ச சாமி, நானே கூட்டிட்டு வாரேன்” என்று ஒரு வார்த்தை சொன்னால், இந்த மண்டபத்தில் ஒருவர்கூடச் சிரிக்க மாட்டார்கள். சிரித்தால் நான் விட மாட்டேன். அன்றைக்கு வாசலில் நின்று நீங்கள் பயந்த பயம் எனக்குத் தெரியும். அந்தப் பயம் தீர வழி தண்டவாளத்தில்தான் வருகிறது. வழியை விடுங்கள். வாக்கைக் காப்பாற்றுங்கள். முதல் தூணுக்கு முதல் மண்ணை நீங்களே தாருங்கள்!

திட்டாமல் கேட்ட தாய்மார்களுக்கும், திட்டிக்கொண்டே கேட்ட அண்ணாச்சிமார்களுக்கும், பேச அனுப்பிய என் பள்ளிக்கும், பொறுமையாக நின்று கேட்டுக்கொண்டிருக்கும் மாடனுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. முதல் தூண் எழும் நாளில், ஸ்டேஷன் வாசலில், உங்கள் எல்லோரையும் மறுபடி கும்பிடுவேன் என்று சொல்லி

கதவைத் தட்டுகிறார்கள்.

“ஏளா கனி, முழிச்சுத்தான் இருக்கியா? வெளிச்சம் தெரியுது. நாளைக்குப் பேசப்போறத ஒருக்க வாசிச்சுக் காட்டு, கேப்போம்.”

அப்பா.

வாசிக்கிறேன்ப்பா. சங்கத்தில் டைப் அடித்ததை இல்லை, இந்தத் தாளைத்தான்.