ஒரு விரற்கடை

அந்த நாற்காலி கொஞ்சம் ஆடும், சார். இதில் உட்காருங்கள். இது என் மனைவியுடையது. அவள் வர இன்னும் நேரமாகும்.

நீங்கள் எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் கம்பெனி செய்துகொடுத்த சமையலறை அலமாரிகள் சில வீடுகளில் ஏன் சுவருக்குள் அடங்காமல் துருத்திக்கொண்டு நின்றன என்று என் வாயாலேயே கேட்க வேண்டும். சொல்கிறேன். உங்கள் டேப்லெட்டில் பதிவு செய்துகொள்ளுங்கள், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் என் பக்கத்து நியாயம் உங்களுக்குப் பிடிபடும்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். மருந்துப் பெட்டிக்குள் மடித்து மடித்து ஒரு காகிதம் வைத்திருப்பார்களே, பிரித்துக்கூடப் பார்க்காமல் தூக்கிப் போடுவோமே, அதை மொழிபெயர்ப்பவன் நான். ‘அரிதாகச் சிலருக்குத் தலைசுற்றல் ஏற்படலாம்.’ ‘மிக அரிதாக மூச்சு நின்றுபோகலாம்.’ இப்படி. எதையும் பதறாமல் சொல்ல ஒரு பயிற்சி வேண்டும். வேலை வீட்டிலேயேதான். காலையில் அவள் கிளம்பினால் சாயங்காலம் வரை எனக்குத் துணை வாந்தியும் வயிற்றுப்போக்கும், எழுத்தில். இதை வைத்துத்தான் அவள் என்னை ‘டாக்டரே’ என்று கூப்பிடுவாள்.

அவள் வேலை உங்களுக்கே தெரியும். வீடு வீடாகப் போய்ச் சமையலறையை அளப்பது, எங்கே அடுப்பு, எங்கே சிங்க், எத்தனை அலமாரி என்று வரைந்து காட்டுவது, வீட்டுக்காரர் தலையாட்டினால் தொழிற்சாலைக்கு அனுப்புவது. முன்பெல்லாம் அதற்கு ஒரு லேப்டாப் கொடுத்திருந்தீர்கள். மடிக்கணினி என்று பெயர்தான். மடியில் வைத்தால் மடி மரத்துப்போகும். திறந்தால் கண் விழிப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். விழித்த பிறகு மிக்ஸி மாதிரி இரையும். ஒயரைப் பிடுங்கினால் அந்த நிமிஷமே உயிரை விட்டுவிடும். ‘கருங்கல்’ என்பாள். அதை எந்த வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு போக மாட்டாள். டேப்பைப் பிடித்து அளந்து, கையில் கிடைத்த விளம்பரத் தாளின் பின்பக்கத்தில் கிறுக்கிக்கொண்டு வருவாள். சாயங்காலம் இந்த மேஜையில் அந்தத் தாளை விரித்து நான் ஒவ்வொரு அளவாகப் படிப்பேன். எதிரே உட்கார்ந்து அவள் லேப்டாப்பில் ஏற்றுவாள்.

படிப்பது அளவோடு நிற்குமா?

“ஜன்னலுக்கு அந்தப் பக்கம் என்ன இது, ரெண்டு பெட்டி?”

“அடுப்பு.”

“ஒரு வீட்டுக்கு ரெண்டு அடுப்பா?”

“புருஷன் பொண்டாட்டிக்குள்ள பேச்சுவார்த்தை இல்லையாம், டாக்டரே. ஆளுக்கொரு அடுப்பு வேணுமாம். சிங்க் மட்டும் ஒண்ணு போதுமாம்.”

“அப்ப பாத்திரம் யார் கழுவுறது?”

“சண்டை ஆரம்பிச்சதே அதுலதானாம்.”

இன்னொரு வீட்டில் புருஷன் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, மேல்தட்டில் பலகாரம் ஒளித்துவைக்கப் பூட்டு கேட்டாராம். அவர் அந்தப் பக்கம் போனதும் அவருடைய மனைவி வந்து அதே பூட்டுக்கு இன்னொரு சாவி கேட்டாளாம். இதைச் சொல்லும்போது என் மனைவி சிரித்த சிரிப்பில் லேப்டாப்பின் இரைச்சலே கேட்கவில்லை.

ஊரில் உள்ள சமையலறைகளெல்லாம் இந்த மேஜைக்கு வந்துகொண்டிருந்தன. வாசற்படி தாண்டாமல் நான் ஊரைச் சுற்றிவந்தேன். சில நாள் வேண்டுமென்றே ஓர் எண்ணைத் தப்பாகப் படிப்பேன். “எங்க பார்த்துப் படிக்கிறீங்க?” என்று தாளைப் பிடுங்குவாள். திருத்தும் சாக்கில் இன்னொரு கதை வரும். என்னுடைய குற்றம் எங்கே ஆரம்பித்தது என்று கேட்டால், ஒருவேளை அங்கேதான். அப்போது அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அப்புறம் நீங்கள் டேப்லெட் கொடுத்தீர்கள்.

நியாயமாகப் பேசுகிறேன். அருமையான சாமான். கைப்பைக்குள் அடங்குகிறது. சுவருக்கு நேரே காட்டினால் அதுவே அளக்கிறது. அலமாரியை விரலால் இழுத்து அங்கே இங்கே வைக்கலாம். வீட்டுக்காரம்மா பச்சை வேண்டாம், மஞ்சள் வேண்டும் என்றால் கண்ணெதிரே மஞ்சளாகிறது. அவர்களே விரலால் கண்ணாடிமேல் கையெழுத்துப் போட்டால், படியிறங்குவதற்குள் தொழிற்சாலைக்குப் போய்விடுகிறது. என் மனைவி அதைக் கன்னத்தோடு வைத்துக் கொஞ்சினாள். அதன் பூட்டுக்கு எங்கள் கல்யாணத் தேதியை வைத்தாள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. பின்னால் வசதியாகவும் இருந்தது.

அவள் தோள்வலி போயிற்று. தைலம் தேய்த்துவிடுகிற என் வேலையும் அதோடு போயிற்று. வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். வெறுங்கையோடு.

“இன்னிக்கு யார் வீடு?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் அங்கேயே முடிச்சு அனுப்பிட்டேன்.”

“இல்ல, வீடு எப்படி?”

“வீடு மாதிரி இருந்துச்சு. கண்ணெல்லாம் எரியுது, கொஞ்சம் சாஞ்சுக்குறேனே, டாக்டரே.”

சோபாவில் சாய்ந்துகொண்டாள். நான் இந்த மேஜையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தேன். வேலை அங்கேயே முடிந்தால் கதையும் அங்கேயே முடிந்துவிடுகிறது. உங்கள் கம்பெனியில் இதை யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். குறை சொல்லவில்லை.

அந்த டேப்லெட்டை உடைக்க வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. தண்ணீரை ஊற்றுவது, தரையில் போடுவது எல்லாம் ஆத்திரக்காரர்கள் செய்வது. நான் மருந்துலகத்து ஆள். எதற்கும் ஓர் அளவு உண்டு என்று நம்புகிறவன்.

அவள் குளித்துக்கொண்டிருந்தபோது சும்மா திறந்து பார்த்தேன். அளக்கும்போது பெரும்பாலும் சுவர் வெறுமையாக இருக்கும், டைல்ஸ் பிறகுதான் ஒட்டுவார்கள். அந்தக் கனத்தை இரண்டு பக்கமும் டேப்லெட்டே கழித்துக்கொள்கிறது. எவ்வளவு கழிக்க வேண்டும் என்று ஒரு மூலையில் பொடி எழுத்தில் இருக்கிறது. யாரும் போய்ப் பார்க்காத மூலை. மருந்துக் காகிதம் மாதிரி. என் மனசு உடனே அதோடு ஒட்டிக்கொண்டது. அந்த எண்ணைக் குறைத்தேன். சுவரைவிட அலமாரி வரிசை கொஞ்சம் நீளமாகும், அவ்வளவுதான். ஒரு விரற்கடை.

முதல் வீட்டில் கடைசி அலமாரி உள்ளே போகாமல் வாசல் பக்கம் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. அலமாரி மாட்டப் போன ஃபிட்டர் போனில் கத்தினார். என் மனைவி ஓடினாள். சாயங்காலம் கையில் டேப்போடும் கிறுக்கிய தாளோடும் வந்தாள்.

“வாங்க டாக்டரே, உட்காருங்க. நீங்க படிங்க, நான் டேப்லெட்ல பார்த்துக்கிட்டே வர்றேன். எங்க தப்பு நடந்துச்சுன்னு கண்டுபிடிச்சே ஆகணும்.”

அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை ஒளிக்கவில்லை. தாளில் இருந்ததும் டேப்லெட்டில் இருந்ததும் அட்சரம் பிசகாமல் ஒன்றாக இருந்தன. சுவர் அளவில் நான் கை வைக்கவில்லையே, கழிப்பதில்தானே வைத்திருந்தேன். ஆகவே தப்பு அகப்படவில்லை. அகப்படாததால் மறுநாளும் தேடினோம். இன்னும் இரண்டு வீடுகளில் அப்படியே ஆனதும், எல்லா அளவையும் கையாலும் எடுத்துச் சரிபார்க்க வேண்டும் என்று உங்கள் ஆபீஸே உத்தரவு போட்டது. அதற்கு என் நன்றி. டேப்லெட்டைச் சோதனைக்குக் கேட்ட நாட்களில் எண்ணைப் பழையபடி மாற்றி அனுப்புவேன். அதனால்தான் உங்களுக்கு ஒன்றும் தென்படவில்லை.

பக்கவிளைவுகள் இருந்தன. மறுக்கவில்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவரின் ஃப்ரிட்ஜ் மழைக்காலம் முழுவதும் ஹாலில், டி.வி.க்குப் பக்கத்தில் நின்றது. வருகிறவர்கள் எல்லாம் அதைத் திறந்து பார்த்துவிட்டு உட்கார்ந்தார்களாம். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடிக்குச் சமையலறைக் கதவு திறந்தால் இழுப்பறை திறக்காது, இழுப்பறை திறந்தால் கதவு திறக்காது. ஒருவர் உள்ளே மாட்டிக்கொண்டால் இன்னொருவர் வந்துதான் விடுவிக்க வேண்டும். அவர்கள் அதனால் நெருக்கமாகிவிட்டதாகவே கேள்வி. இதையெல்லாம் அவள் தலையில் அடித்துக்கொண்டு சொல்லுவாள். சொல்லி முடிக்கும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிடும். பழைய கதைகளைவிட இவை நன்றாக இருந்தன என்பது என் அபிப்பிராயம். மருந்து வேலை செய்யும்போது நிறுத்த யாருக்கு மனம் வரும்? சில வீடுகளுக்கு மருந்தின் அளவைக் கொஞ்சம் கூட்டினேன்.

ஃபிட்டரைப் பற்றிக் கேட்பீர்கள். தெருமுனையில் பேசினால் மாடிக்குக் கேட்கும் குரல் அவருக்கு. “என் கண்ணு ரசமட்டம் மாதிரி, ஒரு நூல் சாஞ்சாலும் காட்டிடும்” என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர். தன் கண்மேல் அவருக்கே சந்தேகம் வந்து கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டார். அப்புறமும் அலமாரிகள் அடங்கவில்லை. நீங்கள் அவருக்கு வேலை கொடுப்பதை நிறுத்தினீர்கள். ஒருநாள் இந்த வாசலில் வந்து நின்றார். குரலே எழும்பவில்லை.

“அக்கா, நான்தான் எங்கேயோ தப்பு பண்றேன். எங்கன்னுதான் புரியல. வீட்ல என்னன்னு சொல்றது?”

அவள் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். நான் இங்கே ‘பார்வை மங்கலாம்’ என்று ஒரு வரியை எழுதிக்கொண்டிருந்தேன். எழுந்து போய், கண்ணாடி உங்களுக்கு எடுப்பாக இருக்கிறது என்றேன். இருந்தது.

அவர் போன பிறகு அவள் சாப்பிடவில்லை. கையிலிருந்த டேப்பை இழுப்பதும் விடுவதுமாக இருந்தாள்.

“அவர்மேல தப்பே இல்ல. நான்தான் தப்பா அளக்குறேன். எனக்கே தெரியல, அவ்வளவுதான். நாளைக்கு ஆபீஸ்ல சொல்லிடப் போறேன். இனிமே வீடுகளுக்குப் போகல. ஷோரூம்லயே உட்கார்ந்து கைப்பிடியும் தாழ்ப்பாளும் வித்துக்கிட்டு இருக்கேன்.”

அழுதாள், சார். பத்து வருஷமாகப் பிடித்துச் செய்த வேலை. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன். மனசாட்சி என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். தவிர, ஷோரூமில் என்ன கதை கிடைக்கும்? கைப்பிடி வாங்க வருகிறவர்கள் கைப்பிடியைப் பற்றித்தான் பேசுவார்கள்.

சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். டேப்லெட்டை எடுத்து அந்த மூலையைத் திறந்தாள். எண்ணைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“எதுக்கு?”

“நீ முன்ன மாதிரி பேசுறதில்ல.”

டேப்லெட்டை மூடி மேஜைமேல் வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “எனக்குப் படிச்சுக் காட்ட ஆள் எதுக்குங்க? எனக்குக் கண்ணு இல்லையா? தனியா செஞ்சா அரை மணி நேர வேலை அது. பகல் பூரா ஒரு மனுஷ முகம் பார்க்காம உட்கார்ந்திருக்கீங்களேன்னு உங்களைக் கூட வெச்சுக்கிட்டேன். டேப்லெட் வந்ததும் அசந்துபோய்க் கொஞ்ச நாள் சாஞ்சேன். அவ்வளவுதான். வாயைத் திறந்து, ‘ஏய், வந்து பேசு’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டேனா?”

பார்த்தீர்களா? அந்தச் சாயங்காலங்கள் அவளுக்கும் வேண்டியிருந்தன. நான் சொல்வதும் அதுதான். இரண்டு பேருக்கும் வேண்டியதை ஒருவர் காப்பாற்றினால் அது எப்படிக் குற்றமாகும்? வாயைத் திறந்து கேட்டிருக்கலாம் என்கிறாள். கேட்டு வாங்கினால் அதில் என்ன இருக்கிறது?

நடந்ததை உங்களுக்கு எழுதிப் போட்டதும் அவள்தான். இப்போது வேலை முடிந்ததும் ஃபிட்டரைக் கூட்டிக்கொண்டு, கோணலான வீடு ஒவ்வொன்றாகப் போய்ச் சரிசெய்கிறார்கள். அவருக்குக் கம்பெனி கூலி தராத வரை தன் கையிலிருந்து தருகிறாள். வர நேரமாகிறது. வந்ததும் சாப்பிட்டீர்களா என்று கேட்கிறாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. ‘டாக்டரே’யை மட்டும் விட்டுவிட்டாள்.

போன் அடிக்கிறது, எடுங்கள். பால்கனிக்குப் போனால் நன்றாகக் கேட்கும். நான் காத்திருக்கிறேன், எனக்கு என்ன அவசரம்.

வாருங்கள். வீட்டிலிருந்தா? எப்போது வருவீர்கள் என்று கேட்டிருப்பார்கள். அதிர்ஷ்டக்காரர்.

இனிச் சொல்ல ஒன்றும் பாக்கி இல்லை. அந்த எண்ணை மாற்றியவன் நான். ஒருமுறை அல்ல, தெரிந்தே, திரும்பத் திரும்ப. என் மனைவிக்கோ ஃபிட்டருக்கோ இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. என் குரலில் இது ஆபீஸுக்குப் போனால்தான் அவருக்கு வேலை திரும்பக் கிடைக்கும், அவள் பேரும் கெடாமல் இருக்கும் என்றீர்கள். அதனால்தான் ஒன்றுவிடாமல் சொன்னேன். இனி அந்தப் பக்கமே போக மாட்டேன். அந்தப் புத்தி என்னை விட்டு அடியோடு போய்விட்டது, நீங்கள் நம்பலாம்.

கிளம்புகிறீர்களா? உங்களைப் போல் பொறுமையாகக் கேட்கிறவர்கள் அபூர்வம். எனக்கு எதிரே ஒருவர் இவ்வளவு நேரம் உட்கார்ந்து எத்தனையோ நாளாயிற்று.

ஒரே ஒரு விஷயம். நீங்கள் பால்கனியில் பேசிக்கொண்டிருந்தபோது உங்கள் டேப்லெட் இங்கே திறந்தபடியே இருந்தது. நான் பேசியதையெல்லாம் அழித்துவிடட்டுமா என்று அதுவே மரியாதையாகக் கேட்டது. சரி என்று தொட்டேன். நாளைக்குச் சாயங்காலம் வாருங்கள், சார். அவளையும் சீக்கிரம் வரச்சொல்கிறேன். மூன்று பேருமாக உட்கார்ந்து, மறுபடியும் முதலிலிருந்து பேசலாம்.