கதவுக்குள் முதலில் நுழைவது யார்

முகமூடி வரைவது சுலபமான வேலை. கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டால் போதும். அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று யாரும் கேட்க மாட்டார்கள். எங்கள் தொழிலில் முகமூடி நாயகர்கள் இவ்வளவு பெருகியதற்கு இதைவிடப் பெரிய காரணம் ஏதும் எனக்குத் தெரியவில்லை.

என் பெயர் வென்டல் பிரிஸ்க். நியூயார்க்கில், முன்பு கம்பளிக் கோட்டு தைத்த ஒரு கட்டடத்தின் ஆறாம் மாடியில், படக்கதைப் புத்தகம் போடும் சிறிய நிறுவனத்துக்கு ஆசிரியர். என்னை அழைத்துவர நீங்கள் படியேறி வந்தபோது உங்களுக்கு மூச்சு வாங்கியது, சார்ஜண்ட். அதற்காக வருந்துகிறேன். அங்கே இருப்பது ஒரே ஒரு சரக்கு லிஃப்ட், அதையும் உங்கள் ஆட்களே பூட்டி வைத்திருக்கிறார்கள்.

சென்ற குளிர்காலத்தில் எங்கள் முதலாளி, ஈஸ்டருக்குள் ஒரு புத்தகமாவது ஓடவில்லை என்றால் கடையை மூடிவிடுவேன் என்றார். நான் ஒரு யோசனை சொன்னேன். 1930களில் மலிவுக் காகிதக் கதை இதழ்களில் கொடிகட்டிப் பறந்த மூன்று முகமூடிக்காரர்களை ஒரே கதையில் சேர்ப்பது. பித்தளை முகம்: பளபளக்கும் அவன் முகமூடியில் தன் முகத்தையே பார்த்துத் திருடன் மயங்கி விழுவான். வெள்ளைக் கையுறை: கன்னத்தில் அறைந்த பிறகுதான் பெயரைச் சொல்வான். பதின்மூன்றாம் சாட்சி: எந்தக் குற்றம் நடந்தாலும் இருட்டில் நின்று பார்த்துக்கொண்டிருப்பான். முதலாளிக்குப் பிடித்துவிட்டது.

அந்த மூவரைப் படைத்தவர்கள் இறந்துவிட்டார்கள். உரிமை பிள்ளைகளிடம் இருந்தது. பித்தளை முகம், ஹோபோக்கனில் இருந்து வரும் திருமதி ஒட்டிலி குரோனுக்குச் சொந்தம். வெள்ளைக் கையுறை, ருஃபஸ் டேண்ட்லர் என்ற பல் டாக்டருக்கு. சாட்சி, கிளெம் டூகன் என்ற ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநருக்கு. மூவரும் நல்ல மனிதர்கள். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

கதையின் முதல் பக்கத்தில் மூன்று நாயகர்களும் ஓர் அறைக்குள் வந்து சந்திக்க வேண்டும். அறைக்கு ஒரு கதவு. யார் முதலில் நுழைவது என்று, எங்கள் அலுவலகத்தில் மூவரும் கூடிய முதல் நாளே தகராறு வந்தது.

“எங்கப்பா பெத்த புள்ள மாதிரி அவன். எவன் பின்னாடியும் வாலாட்டிட்டு நுழைய மாட்டான்,” என்றார் திருமதி குரோன்.

“அம்மா, உங்காளு மூஞ்சியில பித்தளைச் சட்டியக் கவுத்திருக்கான். நேராப் போயி நிலையில முட்டிக்குவான். எங்காளு கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகட்டும்,” என்றார் டாக்டர்.

“உங்காளு எதுக்குய்யா கையுறை போட்டிருக்கான்? அடுப்புலேர்ந்து சட்டி எறக்கவா?”

டூகன் தொப்பியை மடியில் வைத்தபடி மெதுவாகச் சொன்னார்: “எங்காளு ஏற்கெனவே உள்ள இருப்பாரு.”

“எப்ப நுழைஞ்சாரு?” என்றார் டாக்டர்.

“அத யாரும் பாக்கக் கூடாது. பாத்துட்டா அப்புறம் நீங்கதான் சாட்சி, அவரு இல்ல.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மூவரிடமும் நியாயம் இருந்தது, அதுதான் சிக்கல். தன் நாயகன் அடி வாங்கக் கூடாது என்றும் மூவரும் சொன்னார்கள். அதனால் வில்லனை இரண்டாம் பக்கத்திலேயே தபாலில் சரணடையச் செய்தேன். அடுத்த வாரம், சாட்சி எல்லாப் படக்கட்டத்திலும் இருக்க வேண்டும், ஆனால் எதிலும் தெரியக் கூடாது என்றார் டூகன். அதற்கும் ஒப்புக்கொண்டேன்.

எங்கள் ஓவியர் ஈனிட் சப்போலோ பென்சிலைக் கீழே வைத்தார்.

“வென்டல், மொதப் பக்கத்துல கதவு. மூணாம் பக்கத்துலயும் கதவு. பதினெட்டாம் பக்கத்துல அதே கதவு, சாயம் மட்டும் உரிஞ்சிருக்கு. நாம புத்தகம் போடறமா, தச்சுப் பட்டறை வச்சிருக்கமா?”

ஈஸ்டர் நெருங்கியது. ஒரு கதையில் எது தடையாக இருக்கிறதோ அதை எடுத்துவிடுவது ஆசிரியரின் கடமை. வாக்கியமானால் அடிப்பேன். கட்டமானால் வெட்டுவேன். எதையும் கோபத்தோடு செய்ததில்லை.

கடைசிக் கூட்டத்துக்கு நல்ல மாட்டிறைச்சி சாண்ட்விச் வாங்கிவைத்தேன். திருமதி குரோனுக்குக் கடுகு சாஸ் ஆகாது. அவருடையதில் தடவ வேண்டாம் என்று கடையில் தனியாகச் சொன்னேன். அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சரக்கு லிஃப்டை அடித்தளத்துக்கு அனுப்பினேன். நடையில் இருந்த பல்பைக் கழற்றினேன். அது சிமிட்டிக்கொண்டே இருந்தது, வயதானவர்களின் கண்ணுக்கு நல்லதல்ல.

பிறகு, கீழே பத்திரிகைக்காரர் காத்திருக்கிறார், முதலில் இறங்குபவரை நடுவில் நிறுத்திப் படம் எடுப்பாராம் என்றேன். லிஃப்ட் வாசலை மறைக்கும் மரத்தட்டிக் கதவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றேன். நான் யாரையும் தொடவில்லை.

“வயசுக்கு மரியாதை கொடுய்யா, டாக்டரே.”

“நோயாளிங்க காத்திருக்காங்க, தள்ளுங்கம்மா.”

இருவரும் இப்படி வாசலில் நின்றபோது டூகன் அவர்களுக்கு இடையே சத்தமில்லாமல் நழுவி உள்ளே போனார். அவர் கொள்கையில் உறுதியானவர். சற்றுக் கழித்துக் கீழே ஏதோ விழுந்த ஓசை கேட்டது.

“பாத்தியா, பஸ்காரன் முந்திட்டான். அதுக்குள்ள கீழ போயிட்டான்,” என்றார் திருமதி குரோன்.

பிறகு இருவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஒன்றாகக் காலை வைத்தார்கள். யார் முந்தினார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நடை இருட்டாக இருந்தது.

விபத்து என்று எல்லாரும் நம்பினார்கள். அடுத்த வாரிசுகள் இதமானவர்கள். திருமதி குரோனின் மருமகன் குழாய்ச் சாமான் விற்பவர். “உங்க இஷ்டம் சார். ஜன்னல் வழியா நுழைஞ்சாலும் எனக்கு ஒண்ணுமில்ல,” என்று தொலைபேசியிலேயே சொல்லிவிட்டார். கதை நகர்ந்தது. வில்லனுக்கு உயிர் வந்தது. புத்தகம் கடைக்கு வந்த வாரமே தீர்ந்து, மறுபடி அச்சடித்தோம். அலுவலகத்தில் ஒருவருக்கும் வேலை போகவில்லை.

நடைக்குப் புது பல்பு போட வந்த ஈனிட், ஓர் அலமாரியைத் திறந்து, நான் அதில் போட்டுவைத்திருந்த பழையதை எடுத்தார். மேசை விளக்கில் மாட்டிப் பார்த்தார். சிமிட்டாமல் எரிந்தது.

“இது நல்லாத்தானே இருக்கு, வென்டல். எதுக்குக் கழட்டின?”

நான் சொன்னேன். கேட்டது அவர்தான், எனக்கு மறைக்கத் தோன்றவில்லை. அவர் விளக்கை அணைக்காமலே கோட்டை மாட்டிக்கொண்டு ஆறு மாடியும் இறங்கிப் போனார். உங்களுக்குத் தகவல் சொன்னது அவர் என்று தெரியும். அவர்மேல் வருத்தமில்லை. மனிதர்களின் கைகளை வரைவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

மூவரையும் கொன்றது நான்தான். நீங்கள் தட்டச்சு செய்திருப்பதில் அந்தச் சொல் சற்றுக் கனமாக இருக்கிறது, ஆனாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

புத்தகத்தின் அட்டையைக் காட்டி, மூன்று முகமூடிக்காரர்களுக்கும் முன்னால், கதவுக்குள் முதலில் நுழையும் இந்த நான்காவது ஆள் யார் என்று கேட்கிறீர்கள். அவர் பெயர் இரும்புக் குடை. பன்னிரண்டு வயதில் நான் உருவாக்கியவர். அவரைப் பற்றி எழுதிய கதைகளை அந்தக் காலத்தில் இந்த மூவரின் தகப்பன்மாருக்கும் அனுப்பினேன். படித்துச் சிரித்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவரை முதலில் நுழையவிட்டதற்கு ஒரே காரணம், அப்போது ஆட்சேபிக்க யாரும் இல்லை என்பதுதான்.